கண்ணாடிக்காரர் போட்ட வரிசை

"இனிமே அடுத்தவன் போட்ட வரிசையை நான் கையால கூடத் தொடமாட்டேன். என் வரிசையை நானே போடுவேன்!"

கண்ணாடிக்காரர் சோபா மேல் ஏறி நின்று இப்படி முழங்கினார். தரையில் நின்றே முழங்கியிருக்கலாம். ஆனால் சபதம் என்று வந்துவிட்டால் கொஞ்சம் உயரம் வேண்டும் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரொம்ப சந்தோஷம். முதல்ல வாசல்ல கிடக்குற உங்க ஷூவை வரிசையாப் போடுங்க. அப்படியே சோபாவை விட்டு இறங்குங்க. ஸ்பிரிங் போயிடும்."

கண்ணாடிக்காரர் இறங்கினார். ஷூவை வரிசையாகப் போட்டார். சபதத்துக்கு மட்டும் எந்தச் சேதமும் இல்லை.

நம்மாளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின் மேல் இரும்பு ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்கிற வேலை. ஊர்க் கண்ணையெல்லாம் திறந்து வைத்தவர். தன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும் அவரிடம் லென்ஸ் இல்லை, பாவம்.

அவரைப் பிடித்த பைத்தியத்துக்குப் பேர் ஃபேன்டசி ஃபுட்பால். இதில் நமக்குக் காலும் வேண்டாம், பந்தும் வேண்டாம். எங்கேயோ நிஜ மைதானத்தில் நிஜமாக ஓடுகிற ஆட்டக்காரர்களை நாம் சோபாவில் சாய்ந்தபடியே பொறுக்கி ஓர் அணியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியது. அவன் அங்கே கோல் போட்டால் நமக்கு இங்கே பாயிண்ட். அவன் அங்கே கால் சறுக்கினால் நமக்கு இங்கே நெஞ்சு சறுக்கும். ஆறு பேர் கொண்ட ஒரு கும்பல் இதை ஆடியது. கண்ணாடிக்காரர், லிஃப்ட் மெக்கானிக்கான அவர் மச்சினன், கடைக்கு அடுத்த கட்டிடத்துப் பல் டாக்டர், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், பாங்க் கேஷியர், பேக்கரிக்காரர்.

போன சீசனில் நம்மாள் கடைசி. கடைசியாக வருகிறவர் படம்தான் அடுத்த சீசன் முழுக்க அவர்களுடைய வாட்ஸாப் குழுவின் முகப்புப் படம் என்பது சட்டம். பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தவரை மச்சினன் படம் எடுத்து வைத்திருந்தான். அதைத்தான் போட்டார்கள். பல் டாக்டர் உடனே எழுதினார்: "சார், மேல் வரிசை ஓகே. கீழ் வரிசை ரெண்டு ஆடுது. நீங்களும் கீழ் வரிசையிலதான் ஆடுறீங்க."

இத்தனைக்கும் காரணம், போன தடவை அவர் ஏதோ வெப்சைட்காரன் போட்ட தரவரிசையை அப்படியே நம்பி ஆள் எடுத்தது. அதைத்தான் எல்லாரும் நம்பினார்கள். எல்லாரும் பார்க்கிற லிஸ்டைத் தானும் பார்த்தால் எப்படி ஜெயிப்பது? அதனால்தான் சோபாவில் ஏறினார்.

வரிசை போட ஓர் இடம் வேண்டுமே. மகள் படிப்புக்காக வெளியூர் போனதில் பின்பக்கத்துச் சின்ன ரூம் காலியாக இருந்தது. மறுநாளே அதற்குள் மேஜையைத் தள்ளிக்கொண்டு போய், சுவர் முழுக்க ஆட்டக்காரர்கள் படத்தை ஒட்டிவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்த மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏங்க, அந்த ரூமை நான் கேட்டிருந்தேன்ல?"

"நீ எதுக்குக் கேட்டே?"

"எதுக்குமில்ல. கதவைச் சாத்திட்டு சும்மா உக்காரணும்."

"சும்மா உக்கார ஒரு ரூமா?"

அவளுக்கு வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் புகார் வாங்குகிற வேலை. காதில் ஹெட்போன் மாட்டினால் கழற்றும்வரை யாராவது ஒருவர் கத்திக்கொண்டே இருப்பார். "மெஷின் திடீர்னு நின்னுடுச்சு" என்று ஒருவர் அலறினால், மெஷினுக்குள் குழந்தையின் பொம்மை இருக்கிறதா என்று அமைதியாகக் கேட்பாள். இருக்கும். வாய் சொல்வதை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருப்பதைக் கேட்கிற காது அது. அவளோ சுற்றி வளைக்கத் தெரியாதவள். ஆகும் என்றால் ஆகும் என்பாள், ஆகாது என்றால் ஆகாது என்பாள். "நான் சொன்னா சொன்னதுதான் சார்" என்று அவள் போனில் சொன்னால் எதிர்முனை ஓய்ந்துபோகும். இப்படி ஆபீஸில் ஊர் புகாரைக் கேட்டு, வீட்டுக்கு வந்தால் கண்ணாடிக்காரர் பேச்சையும் கேட்டு, காது இரண்டும் களைத்துப்போயிருந்தது அவளுக்கு. ஒரு கதவு, ஒரு நாற்காலி, கொஞ்சம் மௌனம். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

கண்ணாடிக்காரர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்து வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு. கடையில நான் என்ன பண்றேன்? நூறு லென்ஸையும் முன்னாடி கொட்டி, எது நல்லா இருக்குன்னா கேக்குறேன்? ரெண்டு ரெண்டாக் காட்டுவேன். இதுவா, அதுவா? அப்படிக் கேட்டா எந்த மனுஷன் கண்ணும் உண்மையைச் சொல்லிடும். ஆட்டக்காரனையும் அப்படித்தான் பாக்கணும். இந்தக் குதிரைவாலா, அந்தத் தாடியா? தாடியா, அந்தச் சிகப்பு ஷூவா?"

ஆட்டக்காரர்களின் பெயர் எதுவும் வாயில் நுழையாது என்பதால், தலையையும் காலையும் பார்த்து அவரே வைத்த பெயர்கள் இவை. கும்பல் முழுக்க இவையே ஒட்டிக்கொண்டன.

"எத்தனை கோல் போட்டான்னு எல்லாரும் பாப்பான். எவ்வளவு நேரம் ஆடி அத்தனை போட்டான்னு நான் பாப்பேன். போன வருஷம் பாதி நாள் பெஞ்ச்ல உக்காந்திருந்தவனை ஊரே மறந்திருக்கும். நான் மறக்கமாட்டேன். அப்புறம், கோல் போடுறவன் சந்தைக்குச் சந்தை கிடைப்பான். நல்ல கோல்கீப்பர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கிடைக்காதவனை முதல்ல எடுத்துடணும்."

"ம்."

"பந்தை எடுத்துக் குடுத்து அடுத்தவனை கோல் போட வைக்கிறான் பாரு, அதுக்குப் பேரு அசிஸ்ட். அதுக்கும் பாயிண்ட் உண்டு."

"அப்படியா? நான் இத்தனை வருஷமா துண்டை எடுத்துக் குடுத்து, சாவியைத் தேடிக் குடுத்து, சட்டைப் பட்டனைத் தச்சுக் குடுத்து… என் பாயிண்டெல்லாம் எங்கே?"

"குறுக்கே பேசாதே. எதிராளி ஒரு கோல்கூடப் போடாம பாத்துக்கிட்டா கிளீன் ஷீட்."

"கிளீன் ஷீட்டா? ஏங்க, என்னைக்காவது ஒரு பெட்ஷீட்டைத் துவைச்சிருக்கீங்களா நீங்க?"

"இது வேற ஷீட்!"

"இதுவும் என் தலையிலதான் விழும்."

இதற்கு மேல் அவளுக்குக் கால்பந்து புரியாது என்று கண்ணாடிக்காரர் முடிவு கட்டினார். அவர் செய்த முதல் தப்பு அதுதான்.

ஆனால் வரிசை என்னவோ பிரமாதமாக வந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். இதுவா அதுவா, இதுவா அதுவா என்று தனக்குத் தானே கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு நாள் தலைகால் எல்லாம் பிடிபட்டுவிட்டது. முதலில் குதிரைவால். அடுத்து சிகப்பு ஷூ. மூன்றாவது, கிடைப்பதற்கரிய அந்த நெட்டைக் கோல்கீப்பர், அதாவது கொக்கு. நாலாவது தாடி. கடைசிக்கும் கடைசியில் தாத்தா. அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது எப்போது என்று அவனுக்கே ஞாபகம் இருக்காது. கண்ணாடிக்காரர் தன் வரிசையைத் தானே பார்த்துச் சொக்கிப்போனார்.

சொக்கியதோடு விட்டிருக்கலாம். அவருக்குள் ஒரு ராஜதந்திரி தலையைத் தூக்கினான்.

'நல்ல ஆள் யாருன்னு எனக்குத் தெரிஞ்சா போதாது. அது மத்தவனுக்குத் தெரியாம இருக்கணும். அவனுங்க கண்ணை நான் மறைக்கணும்.'

அதற்கு ஒரு வழி வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி தினமும் தம்பியிடம் போனில் பேசுவாள். இங்கே நடக்கிறதெல்லாம் அங்கே போகும். வழக்கமாக இது அவருக்கு எரிச்சல். இப்போதோ இனித்தது. அவள் அங்கே கோள் மூட்டினால் இவருக்கு இங்கே கோல்!

அன்று சாப்பிடும்போது யாரும் கேட்காமலேயே ஆரம்பித்தார்.

"இந்தக் குதிரைவால் இருக்கானே, எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்க. எனக்கென்னவோ அவன் சுமார்தான்."

மனைவி சாப்பிடுவதை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சுமாரா?"

"சுமார்தான். சிகப்பு ஷூவும் சுமார். அந்தக் கொக்கு ரொம்பச் சுமார். ஆனா இந்தத் தாத்தா இருக்கான் பாரு, அடடா! அவன்தான் ஆட்டக்காரன். கிடைச்சா வரம்."

"அப்படிங்களா," என்றாள். தண்ணீர் எடுத்து அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்ப் போனை எடுத்தாள். கதவு இடுக்கில் காதை வைத்துக் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ஆமாடா தம்பி. மாமா சொன்னாரு. குதிரைவால் சுமார்தானாம். சிகப்பு ஷூவும் சுமாராம். கொக்கு ரொம்பச் சுமாராம். தாத்தாவைத்தான் ஆகா ஓகோன்னாரு… எனக்கு என்னடா தெரியும், அவர் சொன்னதைச் சொன்னேன்."

கண்ணாடிக்காரர் சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தார். விஷயம் மச்சினனோடு நிற்கவில்லை. மறுநாளே கண் டெஸ்டுக்கு வந்த டிரைவிங் மாஸ்டர், எழுத்தை வாசிப்பதை நடுவில் விட்டுவிட்டு, "சார், குதிரைவாலுக்கு ஏதோ கோளாறாமே?" என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். கண்ணாடிக்காரர் லென்ஸை மாற்றிப் போட்டபடி, "எனக்கு எப்படி சார் தெரியும்?" என்று பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். வீட்டுக்குள்ளிருந்து கசிந்த தகவலுக்குத்தான் எவ்வளவு மரியாதை!

இந்த நேரத்தில் பேக்கரிக்காரர் கழன்றுகொண்டார். புதுக் கிளை திறக்கிறாராம், நேரமில்லையாம். ஆறு பேர் இல்லாவிட்டால் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளமாட்டேன் என்றது கம்ப்யூட்டர். பல் டாக்டர் போன் மேல் போன் போட்டார். ஆள் கிடைக்கவில்லை.

"நான் வேணா உக்காரட்டுமா?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? உனக்கு ஆஃப்சைடு எந்த சைடுன்னு தெரியுமா?"

"தெரியாது. ஆறாவது ஆள் வேணும்னீங்க. நான் ஆள்தானே?"

"சரி, உக்காரு. எனக்குக் கீழே ஒருத்தர் இருந்தாத்தான் எனக்கும் நல்லது." பெரிய மனசு அவருக்கு.

"ஆனா ஒண்ணு. சீசன் முடியறப்ப நான் உங்களுக்கு மேல இருந்தா அந்த ரூம் எனக்கு."

"நான் மேல இருந்தா?"

"அந்த ரூமைப் பத்தி ஜென்மத்துக்கும் வாயைத் திறக்கமாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

ஜென்மத்துக்கும்! கண்ணாடிக்காரர் அவள் மனம் மாறுவதற்குள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கே அந்த ரூமுக்குப் புதுத் திரைச்சீலை எடுக்க அளவும் எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆள் எடுக்கும் படலம் கண்ணாடிக்காரர் வீட்டு ஹாலில் கூடியது. ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. முறை சுற்றிச் சுற்றி வரும். குறித்த நேரத்துக்குள் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரே யாரையாவது எடுத்துத் தலையில் கட்டிவிடும். மடிக்கணினியை வைத்துக்கொண்டு பல் டாக்டர் நடு நாயகமாக உட்கார்ந்தார். சீட்டுக் குலுக்கியதில் கடைசிக்கு முந்தின இடம் மனைவிக்கு, கடைசி இடம் கண்ணாடிக்காரருக்கு. அவளுக்கு முன்னால் மச்சினன்.

கடைசி இடம் என்றதும் மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் பூரித்தார். இவ்வளவு பேரையும் தாண்டிக் குதிரைவால் தன்னிடம் வந்து சேரப்போகிற அழகைப் பார்க்க வேண்டாமா?

பல் டாக்டர் யாரையோ எடுத்தார். குதிரைவாலை எடுக்கவில்லை. டிரைவிங் மாஸ்டர் யாரையோ எடுத்தார். கேஷியர் யோசித்து யோசித்து யாரையோ எடுத்தார். மச்சினன் குதிரைவால் பெயர் மேல் விரலை வைத்தான், அக்காவைப் பார்த்தான், விரலை எடுத்துவிட்டு வேறு யாரையோ காட்டினான். கண்ணாடிக்காரருக்கு எச்சில் ஊறியது.

"அடுத்து அம்மா. வாயைத் திறங்க," என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

"குதிரைவால்," என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "அவன் சுமார்னு சொன்னேனேம்மா?"

"பரவால்லீங்க. நான் புதுசுதானே. சுமாரா ஒருத்தர் போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்து வைத்தார். போகட்டும், குருட்டாம்போக்கில் எடுத்துவிட்டாள், விவரம் தெரியாதவள். சிகப்பு ஷூவை உடனே எடுத்துவிடலாம்தான், ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரே ஓர் ஆள்தான் எடுக்க முடியும். சிகப்பு ஷூ சுமார் என்று எல்லாரும் நம்புகிறார்கள், யார் எடுக்கப்போகிறார்கள்? அடுத்த சுற்றுக்கு ஆறப்போடலாம். அதற்குள், மற்றவர்கள் கொத்திக்கொண்டு போகக்கூடியவனாக, தன் வரிசையில் ஐந்தாவதாக இருந்தவனை எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தார்.

இரண்டாம் சுற்றில் நான்கு பேரும் சிகப்பு ஷூவைத் தொடாமல் தாண்டினார்கள்.

"சிகப்பு ஷூ," என்றாள் மனைவி. "அவரும் சுமார்தானாம். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கட்டும்."

மூன்றாம் சுற்றில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது.

"கொக்கு," என்றாள்.

"டீ!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர். "எல்லாரும் டீ குடிக்கலாம்! இந்தாம்மா, கொஞ்சம் உள்ள வா!"

சமையலறைக் கதவைச் சாத்தினார். அவள் நிதானமாக அடுப்பைப் பற்ற வைத்தாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"எதை?"

"என் வரிசையை! ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அப்படியே எடுக்குறே! என் மேஜையைக் குடைஞ்சியா?"

"உங்க மேஜையை நான் எதுக்குக் குடையணும்? நீங்கதான் அன்னைக்குச் சாப்பிடுறப்ப வரிசையாச் சொன்னீங்களே."

"நான் சுமார்னுல்ல சொன்னேன்?"

"அதைத்தான் சொல்றேன்." அவள் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். "ஹால்ல ஒரு சோபா கிடக்கே, கடையில அதைப் பாத்து என்ன சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். "…சுமார்னு."

"அப்புறம் மூணு தடவை அதே கடைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. பக்கத்துத் தெருவுல விலைக்கு வந்த பழைய ஸ்கூட்டர்?"

"…சுமார்."

"இன்னைக்கு வரைக்கும் அதைத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க. எதுமேல ஆசை வந்தாலும் உங்களுக்கு முதல்ல வர்ற வார்த்தை அதுதான். உங்களுக்கே தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஊரை ஏமாற்ற எத்தனையோ வார்த்தை இருக்க, பழக்கதோஷத்தில் அந்த ஒரு வார்த்தையையே பொறுக்கி எடுத்திருக்கிறார் மனிதர்!

"உங்க அக்கா கல்யாணத்துல, என்னைக் காட்டி உங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

கண்ணாடிக்காரருக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "அது… உனக்கு எப்படி…"

"தூணுக்கு இந்தப் பக்கம் நான்தான் நின்னுட்டிருந்தேன். 'அந்தப் பொண்ணாம்மா? சுமார்தான்'னீங்க. அதுக்கப்புறம் தண்ணி குடிக்கிற சாக்குல என் பக்கமாவே வந்துக்கிட்டிருந்தீங்க. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உங்க வரிசையில ஒண்ணாம் நம்பர் யாருன்னு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாக இவள் இதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாளே என்று ஒரு கணம் உருகியே போனார். பால் பொங்குகிற சத்தத்தில் சுதாரித்துக்கொண்டார். உருகுகிற நேரமா இது? ரூம் போய்க்கொண்டிருக்கிறது!

டீயோடு ஹாலுக்குத் திரும்பும்போது அவருக்குள் ராஜதந்திரி மறுபடி எழுந்தான். நான் மட்டம் தட்டினால்தானே எடுக்கிறாள்? புகழ்ந்தால் தொடமாட்டாள் அல்லவா? பாக்கி இருப்பவர்களில் அவருக்கு உயிர் தாடிதான். டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஆகா, தாடி! என்னா ஆட்டம்! என்னா ஓட்டம்! இந்த சீசன்ல அவனை விட்டா ஆளே கிடையாது. அவன் கால்ல பந்து பட்டாலே கோல்தான்!"

மனைவி டீயை ஊதினாள். அவள் முகத்தில் எந்த அசைவும் இல்லை. கண்ணாடிக்காரர் மனசுக்குள் விசில் அடித்தார்.

முறை மச்சினனுக்கு வந்தது.

"மாமாவே இவ்வளவு சொல்றப்ப வேற யாரை எடுக்குறது?" என்றான். "தாடி."

மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்த அவசரத்தில், அவளுக்கு முன்னால் தம்பி என்று ஒருவன் இருப்பதை மறந்தே போயிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து உருப்படியாக ஒரு வார்த்தை வரவில்லை. யாரைப் புகழ்ந்தாலும் மச்சினன் எடுத்தான். யாரை மட்டம் தட்டினாலும் மனைவி எடுத்தாள். பேசாமல் இருந்தால் அவர் கண் எந்தப் பெயரில் நிற்கிறது என்று அவள் பார்த்தாள். அடுத்தவர் கண்ணைப் பார்த்தே காலத்தை ஓட்டியவருக்குத் தன் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேலே பார்த்தார். கீழே பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு முழு மூச்சாக யோசித்தார்.

"சார், நேரம் முடிஞ்சுது," என்றார் பல் டாக்டர். "கம்ப்யூட்டரே எடுத்துருச்சு. யாரு தெரியுமா? தாத்தா!"

"அட, வரம் கிடைச்சிருச்சு!" என்றாள் மனைவி.

"அவனுக்கு முழங்கால்ல காயம்மா…" என்று முனகினார்.

"சின்னக் காயமா, பெருங்காயமாங்க?"

மச்சினன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது.

சீசனைப் பற்றி நீட்டி முழக்க என்ன இருக்கிறது? கண்ணாடிக்காரர் போட்ட வரிசை தப்பே இல்லை. குதிரைவால் அவர் சொன்னபடியே வாரம் தவறாமல் கோல் போட்டான். சிகப்பு ஷூ அவர் கணக்குப்படியே எடுத்து எடுத்துக் கொடுத்தான். கொக்கு ஒரு பந்தையும் உள்ளே விடாமல் கிளீன் ஷீட்டாகக் குவித்தான். எல்லாம் மனைவி அணிக்கு. டிவி முன்னால் உட்கார்ந்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்று துள்ளி எழுவார். அடுத்த கணம் அது எதிரியின் கோல் என்று ஞாபகம் வந்து உட்கார்ந்துவிடுவார். தாத்தா சீசன் முழுக்க பெஞ்சில் இருந்தபடியே கேமராவுக்குக் கை காட்டினான்.

மனைவி முதலிடம். அவளுக்கு இன்னும் ஆஃப்சைடு எந்த சைடு என்று தெரியாது. கண்ணாடிக்காரர் வழக்கமான இடத்தில். குழுவின் முகப்புப் படத்தை மாற்ற வேண்டிய சிரமம்கூட யாருக்கும் இல்லை.

வாக்கு வாக்குத்தான். அவரே சுவரிலிருந்து படங்களைப் பிய்த்தார். மேஜையை வெளியே இழுத்தார். மனைவி ஒரே ஒரு நாற்காலியை உள்ளே கொண்டுபோய்ப் போட்டு அதில் உட்கார்ந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று காட்ட வேண்டாமா?

"என்ன பெரிய ரூம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. வெளிச்சமும் இல்ல, காத்தும் இல்ல. சுமார்தான்."

"அவ்வளவு புடிச்சிருந்துதா?" என்றாள் அவள், கண்ணைத் திறந்து. குரலில் நிஜமாகவே பரிதாபம். "ஞாயித்துக்கிழமை வேணா வந்து உக்காந்துக்கங்க. பேசக் கூடாது."

கண்ணாடிக்காரர் வாசற்படியில் தயங்கி நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று காலை மாற்றி மாற்றி நின்றுவிட்டுக் கேட்டே விட்டார்.

"என் வரிசையில நீ ஒண்ணாம் நம்பர்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டே. உன் வரிசையில நான் எப்படி?"

அவள் அவரைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தாள்.

"சுமார்தான்," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்காரருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சுமார்! சுமார்தானாம்! தூணுக்கு அந்தப் பக்கம் அவர் சொன்ன அதே வார்த்தையை, இத்தனை வருஷம் கழித்து அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாளே! ரூம் போனால் போகட்டும், படம் கிடந்தால் கிடக்கட்டும். சோபா மேல் ஏறி நின்று இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம் போட்டார். விசில் அடித்தார். ஸ்பிரிங் கதறியது.

கதவு திறந்தது.

"இப்ப எதுக்கு இந்தக் கூத்து?"

"நீதான் சுமார்னு சொல்லிட்டியே!"

அவள் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தாள். அப்புறம் புரிந்தது.

"ஐயோ, நான் உங்களை மாதிரி இல்லீங்க," என்றாள். "நான் சொன்னா சொன்னதுதான்."